மீசை வைத்த மொழுக்கு

தலைக்கு மருதாணி வைப்பது குளிர்ச்சிக்காக என்று வெளியில் சொல்லிக்கொள்ளும் என் வயதுக்காரர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். இன்றைய பிள்ளைகளிடம் ஆரம்பித்தால் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வேன். "பிரவுசிங் சென்டர்னா என்னம்மா?" என்று என் மகன் கேட்டான். கம்ப்யூட்டர் இருக்கிற கடை என்றேன். "விக்கிறதுக்கா?" என்றான். இல்லடா, உட்கார்றதுக்கு என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு நான் பேச்சை வளர்க்கவில்லை.

அப்போது நான் ஒன்பதாவது படித்தேன். லப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவில் பாதி வீட்டு அத்தாமார்கள், அதாவது அப்பாமார்கள், வெள்ளிக்கிழமைதான் வருவார்கள், அதுவும் குரலாக மட்டும். அவர்கள் வேலை பார்த்த அரபு நாட்டில் அன்றைக்குத்தான் லீவு. எங்கள் அத்தாவுக்கு ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. ஜும்மா தொழுகை முடிந்து, சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் அம்மா பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டுவாள். பவுடர் போடுவாள். எல்லாவற்றுக்கும் மேல் புர்காவை மாட்டிக்கொள்வாள். "கொரல்தானேம்மா போவும், சேல எதுக்கு?" என்று கேட்டால், "வாய மூடிக்கிட்டு வா" என்பாள்.

சென்டர் ஜவுளிக்கடை மாடியில் இருந்தது. நடத்தியவரை ஊரே சென்டர் பாய் என்றுதான் கூப்பிட்டது. பெண்களுக்காகச் சுவரோரம் பலகை அடித்து, பூப்போட்ட திரை தொங்கவிட்டு, சின்னச் சின்ன அறைகள் செய்திருந்தார். திரை கண்ணுக்குத்தான் மறைவு. காதுக்கு ஒன்றும் மறையாது. "சின்னவனுக்குப் பல்லு மொளச்சிடுச்சுங்க", "மோட்டாரு ரிப்பேரு", "ஏங்க, கேக்குதா, கேக்குதாங்க" என்று எல்லா வீட்டுச் சங்கதியும் ஒன்றின் மேல் ஒன்று விழும். ஹெட்போன் அறைக்கு ஒன்றுதான். அதன் பஞ்சு பிய்ந்து, காதிலிருந்து எடுத்தால் கறுப்புத் தூள் ஒட்டியிருக்கும். ஒரு காது அம்மாவுக்கு, ஒரு காது எனக்கு. நடுக்கம்பியை விரித்துப் பிடித்துக்கொண்டு கன்னத்தோடு கன்னம் ஒட்டி உட்கார்ந்திருப்போம். அத்தாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அம்மாவின் பவுடர் வாசனைதான் முதலில் வரும்.

அம்மாவுக்கு மவுஸைத் தொடப் பயம். "இது எங்கிட்ட நிக்க மாட்டேங்குது புள்ள" என்று கையை இழுத்துக்கொள்வாள். அதனால் வண்டியை ஓட்டுவது நான். அத்தா லைனில் வர நேரமாகும். காத்திருக்கிற அந்த நேரத்தில் எதையாவது தட்டிக்கொண்டிருப்பேன். அப்படிப் போய் விழுந்த இடம்தான் அந்த இணையத்தளம். இன்றைக்கு அது இல்லை. தேடு தேடு என்று தேடிவிட்டேன், தடயமே கிடையாது.

உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள், எங்கேயும் இல்லாத ஜந்துக்களை வரைந்து போடுகிற இடம் அது. ஒருவர் முயலுக்குத் தும்பிக்கை வைத்திருப்பார். ஒருவர் மேகத்துக்கு நாலு கால் கொடுத்து நடக்கவிட்டிருப்பார். எல்லாமே குட்டி, எல்லாமே உருண்டை, எல்லாவற்றுக்கும் தட்டு மாதிரி கண். பார்த்தால் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளத் தோன்றும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் புதுக் குட்டி ஒன்றைப் போட்டால், மற்றவர்கள் அதைத் தங்கள் கையால் வரைந்து பரிசாகக் கொடுப்பார்கள், பிள்ளை பிறந்த வீட்டுக்குச் சட்டை வாங்கிப் போகிற மாதிரி. அதற்கு ஃபேன் ஆர்ட் என்று பெயர் இருப்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும்.

பக்கத்தின் ஓரத்தில் அரட்டைக்கு ஒரு பெட்டி. என் இங்கிலீஷ் ஒன்பதாவது பாடப்புத்தகத்து இங்கிலீஷ். தெரிந்த ஒரே நல்ல கேள்வியைக் கேட்பேன்: சாப்பிட்டீர்களா? என்ன சாப்பிட்டீர்கள்? முதலில் அவர்கள் குழம்பினார்கள். எதற்குக் கேட்கிறாள் இவள், ஓட்டல் வைத்திருக்கிறாளா என்று நினைத்திருக்கலாம். பிறகு அவர்களுக்கே பிடித்துப்போனது. பனி கொட்டுகிற ஊரிலிருந்து ஒரு பெண் வருவாள். அவளை நான் பனிக்காரி என்று மனசுக்குள் கூப்பிடுவேன். "இன்றைக்கு உருளைக்கிழங்கு சூப்" என்று அவளே முந்திக்கொண்டு சொல்வாள். ஒரு தாத்தாவா பையனா என்று கண்டுபிடிக்கவே முடியாத பூனைப்பிரியர் ஒருவர் இருந்தார். அவர் எந்த நேரத்தில் கேட்டாலும் ரொட்டிதான் தின்றிருப்பார். எனக்கு அவரைப் பற்றிக் கவலையாகவே இருக்கும்.

ஆனால் பேச்சோடு சரி, என் குட்டி என்று அங்கே எதுவும் இல்லை. ஒன்று செய்தே ஆகவேண்டும் என்று உட்கார்ந்தேன். உடம்புக்குச் சின்ன வெங்காயம், எங்கள் பக்கத்து வயலில் பிடுங்கிப் போட்டிருக்கிற அதே ஊதா கலந்த ரோஸ். காது வெள்ளாட்டுக் குட்டியுடையது, தொங்கும். வாலுக்கு வெடித்த பருத்தி. மொழுமொழுவென்று வந்தது, மொழுக்கு என்று பெயர் வைத்தேன். ஸ்கெட்ச் பேனாவில் ரோஸ் தீர்ந்துபோய், மூடியைத் திறந்து ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். நீங்களும் விட்டிருப்பீர்கள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "உசுருள்ளத வரையக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"இது வெங்காயம்மா."

"வெங்காயத்துக்குக் காது எதுக்கு?"

"குளுருக்கு."

அம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெங்காயம் காய்கறிக் கணக்கில்தான் வரும் என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

இந்த இடத்தில் என் மாமா உள்ளே வரவேண்டும். அம்மாவின் ஒரே தம்பி. பெரிய மீசை, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத விளையாட்டுப் புத்தி. பெரம்பலூர் பஸ் கண்டக்டர் எப்படி விசில் ஊதுவார், பக்கத்து வீட்டு ஆடு எப்படித் தும்மும் என்று செய்து காட்டினால் சோறு தொண்டையில் சிக்கும். ஆனால் வேலை என்று வந்தால் கால் ஓரிடத்தில் நிற்காது. அரிசி மில்லில் கொஞ்ச நாள், பிரியாணி மாஸ்டரோடு கொஞ்ச நாள், யாரோ ஒருவருடைய வேனை ஓட்டிக் கொஞ்ச நாள். எனவே எல்லாரும் கூடி முடிவு செய்தார்கள், பயலை அத்தாவின் கம்பெனிக்கே அனுப்பிவிடுவது என்று. அதோடு கல்யாணமும் சேர்ந்துகொண்டது. அவருக்குப் பேசியிருந்த பெண் இரண்டு தெரு தள்ளி. மாமாவுக்கு அந்தப் பெண் மேல் கொள்ளை ஆசை, அந்தத் தெரு வழியாகப் போக ஆயிரம் காரணம் கண்டுபிடிப்பார். பெண் வீட்டில் ஒரே பேச்சுத்தான்: விசா வரட்டும், நிக்காஹ் வைத்துக்கொள்ளலாம். பெண்ணின் அம்மாவும் வெள்ளிக்கிழமை சென்டருக்கு வருகிறவர்தான். படியில் பார்த்தால் எங்கள் அம்மாவும் அவரும் சலாம் சொல்லிக்கொள்வார்கள். சம்பந்தி ஆகப்போகிறவர்கள் இல்லையா, அதற்குமேல் வாய் திறக்கமாட்டார்கள்.

மாமாவுக்குப் போக இஷ்டமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற விஷயமாகவே அது யாருக்கும் தோன்றவில்லை. அவரும், "ஒட்டகத்துக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கப் போறேன்" என்று சிரிப்புக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

விசாவுக்குப் போட்டோ எடுக்கப் பெரம்பலூர் போனார். ஸ்டுடியோக்காரர் சிரிக்கக் கூடாது என்றாராம், ரெண்டு காதும் தெரியணும் என்றாராம். போட்டோ வந்ததும் தெருவே கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தது. "மாப்பிள்ள களை வந்துடுச்சே" என்றார் ஒருவர். "அரபியே எழுந்து நிப்பான்" என்றார் இன்னொருவர். அம்மா முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். எனக்கும் அது கம்பீரமாகத்தான் தெரிந்தது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சென்டர் பாயின் மேஜைக்கு இரண்டு காகிதங்கள் போயின. ஒன்று, மாமாவின் போட்டோ. ஸ்கேன் செய்து கம்பெனிக்கு அனுப்பவேண்டியது. இன்னொன்று, என் மொழுக்கு. ஸ்கேன் செய்து தளத்தில் போடவேண்டியது. பாஸ்போர்ட்டும் விசாத்தாளும் மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணாடியில் வெங்காயத்தைக் கவிழ்த்து வைக்க அவர் முதலில் தயங்கினார். பிறகு, "சரி, இதுவும் வெளிநாடுதானே போவுது" என்றார். கூடவே எழுதவேண்டியதை நான் தட்டிக் கொடுத்தேன். "இவன் என் புதுக் குட்டி. பெயர் மொழுக்கு. கொஞ்சம் கூச்சக்காரன். அன்போடு வரைந்து தாருங்கள்." இரண்டும் மெஷினுக்குள் போனதும் கரண்ட் போயிற்று. வந்தபோது அசர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. பாய் ஒரு கையால் தொப்பியை மாட்டிக்கொண்டு, இன்னொரு கையால் ரெண்டையும் அனுப்பிவிட்டுப் படியிறங்கினார். ஒவ்வொன்றும் எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை.

வாரத்தின் நடுவில் அத்தா வீட்டுக்கே போன் செய்தார். வெள்ளிக்கிழமை இல்லாத நாளில் போன் அடித்தால் அம்மா அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடிவருவாள். எடுத்ததும் அத்தா கேட்டார், "விசா யாருக்கு கேட்டிருக்கோம்?"

"என்னங்க இது, தம்பிக்குத்தான்."

"ஆபீஸ்ல ஒரு வெங்காயத்தோட படம் வந்து கெடக்குது. காதெல்லாம் இருக்கு. அங்க உள்ள மலையாளத்துக்காரரு சுத்தி எல்லாத்தையும் கூப்பிட்டுக் காட்டிட்டு, உங்க மச்சினனுக்கு வாலு எப்பலேர்ந்து இருக்குன்னு கேக்குறாரு."

அன்று எங்கள் வீட்டில் நடந்ததை விவரிக்க வேண்டாம். நீங்களும் அடி வாங்கி வளர்ந்தவர்கள்தான். ஸ்கெட்ச் பேனா டப்பா பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. "ஒங் குட்டியால எந் தம்பி கல்யாணம் நின்னுச்சுன்னா பாரு" என்று அம்மா என்னைத்தான் பிடித்தாள். அனுப்பியது பாய், தப்பு மெஷினுடையது, கரண்டினுடையது. அதெல்லாம் பெரியவர்கள் காதில் ஏறுமா? வரைந்தவள்தான் குற்றவாளி. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. மாமா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அது சரி. அப்ப எம் போட்டோ எங்க போச்சு?"

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று பேரும் சேர்ந்தே சென்டருக்குப் போனோம். சரியான போட்டோவை மறுபடி அனுப்பவேண்டும். அம்மா என் மேல் இன்னும் முறைப்பாக இருந்தாலும் மவுஸ் பிடிக்க நான் வேண்டுமே. மாமா வெளியில் பாயின் மேஜையருகே நின்றுகொண்டார். அத்தா இன்னும் லைனில் வரவில்லை. நான் மெல்லத் தளத்தைத் திறந்தேன். "என்ன புள்ள பண்ற?" என்றாள் அம்மா. "மாமா போட்டோவ எடுக்கணும்லம்மா" என்றேன்.

படம் அந்தக் காலத்தில் மேலிருந்து கீழாக வரிவரியாகத்தான் இறங்கும். முதலில் தலைமுடி வந்தது. பிறகு நெற்றி. பிறகு மாமாவின் மீசை. கீழே நான் எழுதியது: இவன் என் புதுக் குட்டி.

அதற்குக் கீழேதான் அந்தப் படங்கள். அந்த ஆட்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் மாமாவை ஒரு குட்டியாகவே எடுத்துக்கொண்டு வரைந்து தள்ளியிருந்தார்கள். ஒன்றில் மாமா உருண்டையாக, தொப்பை மேல் மீசை தொங்க, முயல் காதோடு உட்கார்ந்திருந்தார். ஒன்றில் மீசையே சிறகாகிப் பறந்தார். பூனைப்பிரியர் அவருக்கு நாலு கால் வைத்து, முன்னால் ஒரு ரொட்டியும் வைத்திருந்தார். அம்மா முதலில் வாயில் புர்காவை அடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அதுவும் போதாமல் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். பக்கத்துத் திரைகளில் பேச்சு நின்றுபோனது.

"இன்னும் காட்டு புள்ள, இன்னும் காட்டு" என்றாள்.

காட்டினேன். பார்த்துக்கொண்டே போனவள், பனிக்காரியின் படத்தில் நின்றாள். மீசைக்குட்டி ஒரு பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மழையில் நிற்கிறது. கண்ணில் நீர் முட்டி நிற்கிறது, இன்னும் விழவில்லை. பக்கத்தில் ஒரு பெரிய கரடி மாதிரி ஜந்து குடை பிடிக்கிறது.

"ஏன் புள்ள இதுல அழுவுறான்?"

நான் மேலே போய்ப் பார்த்தேன். அதற்கு முந்தியதிலும் கண் அப்படித்தான் இருந்தது. அதற்கு முந்தியதிலும். சிறகடித்துப் பறந்த மாமாவுக்குக்கூட. ஒருவரை ஒருவர் பார்க்காத ஊர்களில் இருந்து வரைந்தவர்கள், எல்லாரும் ஒரே மாதிரி வரைந்திருந்தார்கள். கீழே எழுதியிருந்ததை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். உன் குட்டி ஏன் அழப்போகிறான்? யார் இவனை எங்கே போகச் சொன்னது? இவன் சாப்பிட்டானா?

"நீ எதும் எழுதுனியா, போறான்னு?"

"இல்லம்மா. கூச்சக்காரன்னு மட்டும்தான்."

அம்மா திரையை விலக்கி, பாயின் மேஜையில் இருந்த போட்டோவை வாங்கி வந்தாள். தெருவே பார்த்த போட்டோ. விளக்கு வெளிச்சத்தில் கிட்ட வைத்துப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மீசையைக் கையால் மறைத்தாள். மறைத்ததும் வேறு ஆள் தெரிந்தார்.

"சின்னப்புள்ளையில இவன மதரஸாவுல கொண்டுபோயி விட்டப்ப இப்படித்தான் பாத்தான்" என்றாள். "மீசைய பாத்துக்கிட்டு நான் கண்ண பாக்காம வுட்டுட்டேனே."

மாமாவை உள்ளே கூப்பிட்டாள். அவர் திரைக்குள் தலையை நீட்டி, கம்ப்யூட்டரில் இருந்த தன் உருவங்களைப் பார்த்துவிட்டு, "அல்லா, எனக்கு வாலு நல்லாருக்கே" என்றார்.

"வெளையாடாத. ஒனக்குப் போவ இஷ்டமாடா?"

"இப்ப என்னக்கா திடீர்னு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

மாமா சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "எனக்கு இங்க விட்டா வேற எங்கயும் ஒண்ணும் தெரியாதுக்கா. வேல பாக்க மாட்டேன்னு இல்ல. இங்க எது சொன்னாலும் பாக்குறேன்" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆனா இதெல்லாம் கேட்டுக்கிட்டா அனுப்புறாங்க? மச்சான அனுப்பும்போது யாரு கேட்டா?" என்றார்.

அம்மா பதில் சொல்வதற்குள் அத்தா லைனில் வந்துவிட்டார். ஹெட்போனை எடுத்தோம், ஆளுக்கு ஒரு காது.

"போட்டோ அனுப்பியாச்சா?" இதுதான் அத்தாவின் முதல் கேள்வி.

"அனுப்பலங்க. அனுப்பப் போறதில்ல. தம்பி வரல."

"என்ன புள்ள சொல்ற? நான் எத்தன பேரு கையில கால்ல..."

"ஒரு வூட்டுக்கு ஒரு ஆளு வெள்ளிக்கெழம மட்டும் வர்றது போதுங்க. அவனாச்சும் எல்லா நாளும் இருக்கட்டும்."

பிறகு அத்தா, "பொண்ணு வூட்ல ஒத்துக்க மாட்டாங்களே" என்றார்.

"நான் போயி பேசிக்கிறேன்."

"வூட்டுக்கு வந்து பேச வேணாம்" என்று பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பெண்ணின் அம்மா. "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் ஒக்காந்திருக்கேன். எம் பொண்ணு நேத்தே சொன்னா, நானும் ஒன்ன மாதிரி ஹெட்போன்ல குடும்பம் நடத்தணுமான்னு. இங்கயே எதாச்சும் ஒழுங்கா பண்ணுவாரான்னு மாப்பிள்ளையக் கேளுங்க, போதும்."

மாப்பிள்ளை வாசலில் நின்று, "பண்ணுவேன் மாமி" என்றார், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதும் சொல்கிற மாதிரி. சென்டர் முழுவதும் சிரித்தது. ஒவ்வொரு ஹெட்போனுக்கு அந்தப்பக்கமும் ஒருவர், என்ன, என்ன என்று கேட்டிருப்பார். மாமா சொன்னபடி செய்தார். அரும்பாவூர் பக்கம் வயல் வயலாகப் போய்ச் சின்ன வெங்காயம் எடுத்து மண்டிக்கு ஏற்றி அனுப்புகிற வேலையில் நின்று, இன்றைக்கு அவரே மண்டி வைத்திருக்கிறார். நான் அனுப்பிய படம்தான் பலித்தது என்று அவரைக் கட்டிக்கொண்ட அத்தை இன்னும் கேலி செய்வார்.

அன்றைக்குச் சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகும் அத்தா லைனில்தான் இருந்தார். கோபம் என்று நினைத்தேன். அம்மா, "கேக்குதாங்க?" என்றாள்.

"கேக்குது" என்றவர், "அப்படி என்னதான் அந்தப் படத்துல கண்டாங்க?" என்று கேட்டார்.

அம்மா நடந்ததைச் சொன்னாள். மீசையைக் கையால் மறைத்துப் பார்த்ததையும் சொன்னாள்.

அப்புறம் அத்தா பேசினார், அம்மாவிடம் இல்லை, என்னிடம். "பாப்பா, எம் பாஸ்போர்ட் போட்டோ ஒண்ணு அங்க பீரோவுல கெடக்கும். மொத மொதல்ல வந்தப்ப எடுத்தது. அதையும் அந்தப் புள்ளைங்கள்ட்ட போட்டுப் பாரேன். என்ன சொல்றாங்கன்னு பாப்போம்."

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. பீரோ திறந்தால் ஸ்கெட்ச் பேனாவும் வெளியே வரும். சரி அத்தா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அத எதுக்கு ஊருக்கெல்லாம் போடணும்?" என்றாள். "எனக்குத் தெரியாதாங்க? கெளம்பி வாங்க."

சொல்லிவிட்டு என் காதில் இருந்த பாதியையும் பிடுங்கித் தன் தலையில் முழுசாக மாட்டிக்கொண்டாள். அத்தா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அம்மா இரண்டு கையாலும் ஹெட்போனை அழுத்திக்கொண்டு, ம், ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வருஷப் பெருநாளைக்கு வந்த அத்தா திரும்பிப் போகவே இல்லை.